1/72 டாங்கி கிட் வாங்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வாட்ஸ்அப்பில் எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான்: "1/72-ல நல்ல டாங்கி கிட் எது சார்?" கிட் என்றால் பாகங்களை ஒட்டி நாமே செய்யும் பிளாஸ்டிக் மாடல். ஆளுக்கு ஆள் தட்டச்சு செய்வதைவிட ஒரே மடலாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டோம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. 1/72 என்றால் நிஜ வண்டியின் ஆறடி, கிட்டில் ஓர் அங்குலம். 1/76 என்பது ரயில் மாடல்காரர்களின் ஓஓ கணக்கு, ஓரடிக்கு 4 மில்லிமீட்டர். ஏர்ஃபிக்ஸ், மேட்ச்பாக்ஸ், ஃபுஜிமி ஆகியவற்றின் பழைய டாங்கிகள் பெரும்பாலும் இந்த 1/76-ல் வந்தவை. ஜெர்மானிய டைகர் 1 வண்டியின் உடல், பீரங்கிக் குழாயைச் சேர்க்காமல் சுமார் 6.3 மீட்டர். 1/35-ல் அது 180 மி.மீ., 1/48-ல் 131, 1/72-ல் 88, 1/76-ல் 83. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் 5 மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் இரண்டையும் ஒரே பலகையில் பக்கத்தில் வைத்தால் கண்ணை உறுத்தும். அதனால் 1/72, 1/76 இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொண்டு அதிலேயே சேர்த்து வாருங்கள். புதிதாக ஆரம்பிப்பவருக்கு 1/72 என்போம். புது அச்சுகள் (பாகங்களை வார்க்கும் மோல்டுகள்) அதில்தான் வருகின்றன, விமானங்களும் அதே அளவில் நிறையக் கிடைக்கின்றன.

அடுத்தது செயின், அதாவது டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடும் கண்ணிப் பட்டை. சின்ன அளவு டாங்கியில் நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். பெட்டிக்குள் அது இரண்டு விதமாக வரும். ஒன்று ரப்பர் மாதிரி வளையும் வினைல் பட்டை. மற்றது கெட்டி பிளாஸ்டிக்கில் துண்டு துண்டாக வருவது: மேலேயும் கீழேயும் நீளத் துண்டு, முன் பின் சக்கரங்களைச் சுற்றி வளையும் இடத்துக்கு ஒற்றைக் கண்ணிகள். சோவியத் டி-34 டாங்கியின் ஒற்றைக் கண்ணி 1/72-ல் ஏறக்குறைய ஓர் அரிசி மணி அளவு. பார்த்தவுடன் பலர் பயந்து வினைலுக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் கருத்து நேர் எதிர்.

காரணம் இருக்கிறது. டி-34-ல் செயினின் மேல் பகுதியைத் தாங்கத் தனி உருளைகள் கிடையாது. செயின் தன் எடையாலேயே தொய்ந்து பெரிய சக்கரங்களின் மேல் படுத்திருக்கும். வினைல் பட்டையோ விறைப்பாக, கயிறு கட்டியது போல நேராக நிற்கும். எவ்வளவு நன்றாகப் பெயிண்ட் அடித்தாலும் அந்த ஒரு கோடு பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். பல வினைல் பட்டைகளைச் சாதாரண பிளாஸ்டிக் சிமெண்ட் (மாடல் ஒட்டும் பசை) ஒட்டாது. வளைக்கும்போது பெயிண்டும் உதிரும். இன்னொரு தொல்லை தாமதமாகத் தெரியும்: சில பழைய வினைல்களில் உள்ள எண்ணெய்ப் பதம் கசிந்து, அதைத் தொடும் பிளாஸ்டிக் சக்கரத்தையே இளக்கிவிடும். பழைய பெட்டி கையில் இருந்தால் திறந்து செயினைத் தனி உறையில் போட்டு வையுங்கள்.

துண்டுச் செயினை ஒட்டுவது நினைப்பதைவிடச் சுலபம். மெதுவாகக் காயும் சிமெண்டால் எல்லாக் கண்ணிகளையும் ஓர் அளவுகோலை ஒட்டி நேர்கோட்டில் சேருங்கள். அரை மணி நேரம் போல விட்டால் ஒட்டியிருக்கும், ஆனால் இன்னும் வளையும். அப்போது சக்கரத்தைச் சுற்றி வளைத்து, மேல் பகுதியை விரலால் லேசாக அழுத்தித் தொய்வு கொடுங்கள். வினைல்தான் இருக்கிறது என்றால், மேல் பகுதியைச் சக்கரங்களோடு சூப்பர் க்ளூவால் ஒட்டிப் பிடித்து வையுங்கள். ஓரளவு தேறும். டிராகன் நிறுவனம் தன் 1/72 கிட்களில் கொடுக்கும் டிஎஸ் செயின் நடுவாந்திரம்: வளையும், பிளாஸ்டிக் சிமெண்டிலும் ஒட்டும்.

செயினுக்கு அடுத்தபடி அச்சின் வயசு. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பெட்டி பளபளவென்று புதிது, உள்ளே இருக்கும் அச்சு உங்கள் அப்பா காலத்தது. ஏர்ஃபிக்ஸ் 1960களில் வெளியிட்ட 1/76 பாந்தர், ஷெர்மன் எல்லாம் இப்போது விண்டேஜ் கிளாசிக்ஸ் என்ற பெயரில் வருகின்றன. அவர்கள் பெட்டியிலேயே சொல்லிவிடுவதால் அது நேர்மை. இத்தாலியின் எஸ்கி அச்சுகள் இத்தாலெரி பெட்டியிலும் வந்திருக்கின்றன, ரெவெல் பெட்டியிலும் வந்திருக்கின்றன. மேட்ச்பாக்ஸின் 1970களின் அச்சுகளை ரெவெல் மறுபடி வெளியிட்டிருக்கிறது. ஆகவே ரெவெல் நல்லது, இத்தாலெரி சுமார் என்று பிராண்டை வைத்து முடிவு கட்ட முடியாது. ஒவ்வொரு கிட்டுக்கும் தனி ஜாதகம் உண்டு. பெட்டியில் அச்சிட்ட வருஷம் பெட்டியின் வருஷம்தான். அச்சின் வருஷம் பெரும்பாலும் பாகங்கள் தொங்கும் சட்டத்திலோ வண்டியின் அடிப்பகுதியிலோ பொறித்திருக்கும்.

பழசு எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. மேட்ச்பாக்ஸின் பிரெஞ்சு ஷார் பி1 பிஸ், ரெனோ எஃப்டி-17 இரட்டைப் பெட்டியை நாங்களே ரசித்துச் செய்வோம். கூடவே சின்ன நிலக்காட்சி ஒன்றும் வரும். ஞாயிற்றுக்கிழமை சந்தோஷத்துக்கு அது போதும்.

அப்புறம் தடிமன். இதை ஸ்கேல் வைத்தே சோதிக்கலாம். 1/72-ல் 1 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக், நிஜத்தில் 72 மி.மீ. டி-34-ன் பக்கவாட்டுக் கவசமே 45 மி.மீ.தான். அப்படியிருக்க, செயினுக்கு மேலே வரும் மட்கார்டு 1 மி.மீ. தடிமனில் இருந்தால், வெறும் தகரம் கவசத்தைவிடக் கனமாகிவிடும்! நல்ல அச்சில் ஓரங்களைச் சீவி மெல்லியதாகக் காட்டியிருப்பார்கள். பீரங்கிக் குழாய் ஒரே துண்டாக, வாய் திறந்து இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு பாதியாக வந்தால் நடுக்கோட்டை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். அவ்வளவு மெல்லிய குழாயைத் தேய்த்தால் உருண்டை போய்த் தட்டையாகிவிடும்.

சரி, எதை வாங்குவது? முதல் கிட் என்றால் ரெவெலின் 1/72 டி-34/85. துண்டுச் செயின், எளிய வடிவம், ஒரே பச்சை நிறம். டரெட் (பீரங்கியோடு சுழலும் மேல் பகுதி) நிஜத்தில் வார்ப்பு இரும்பு போலச் சொரசொரப்பாக இருக்கும். நீர்த்த சிமெண்டைத் தடவி, பழைய முரட்டுப் பிரஷ்ஷால் மெல்லக் குத்திவிட்டால் அந்தச் சொரசொரப்பு அப்படியே வந்துவிடும். அதே நிறுவனத்தின் டைகரும் பாந்தரும் அடுத்த படி. பத்து வயதுப் பிள்ளைக்கு என்றால் ஸ்வெஸ்டாவின் பசையில்லாமல் பொருத்தும் கிட்கள். போர் விளையாட்டு மேசைக்கு நாலைந்து வண்டி வேண்டுமென்றால் பெட்டிக்கு இரண்டு வரும் ஆர்மர்ஃபாஸ்ட். நுணுக்கம் எதிர்பார்க்காதீர்கள். ஃப்ளைஹாக், வெஸ்பிட் இரண்டும் அபார வேலை. பித்தளைத் தகட்டுப் பாகங்களைச் சாமணத்தில் பிடித்துப் பழகியவர்களுக்கு மட்டும் தருகிறோம். உக்ரைனின் ஏஸ், வேறு யாரும் செய்யாத வண்டிகளைச் செய்யும். ஆனால் பாகங்களின் ஓரத்தில் பிசிறு இருக்கும், கத்தியும் பொறுமையும் வேண்டும். முதல் கிட்டாக அதைக் கேட்பவர்களிடம் நாங்களே வேண்டாம் என்கிறோம்.

கண் ஒத்துழைக்கவில்லை என்பவர்கள் டமியாவின் 1/48 பக்கம் வரலாம். ஆரம்பத்தில் வந்த கிட்களில் அடிப்பகுதி உலோக வார்ப்பு. அதில் பிளாஸ்டிக் சிமெண்ட் பிடிக்காது, சூப்பர் க்ளூதான்.

ஆவடியில் செய்த வண்டி வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான அஜேயா டாங்கி, டி-72எம்1-ன் வழிவந்தது. அதனால் ரெவெலின் 1/72 டி-72எம்1 அதற்கு நல்ல தொடக்கம். அங்கேயே முன்பு செய்த விஜயந்தா டாங்கியின் கிட் எங்களிடம் இல்லை.

ஆர்டர் போடும் முன் சந்தேகம் இருந்தால் கிட்டின் பெயரை அனுப்புங்கள். எங்களிடம் திறந்த பெட்டி இருந்தால் சட்டங்களையும் செயினையும் படமெடுத்து அனுப்புகிறோம். சிமெண்ட், தின்னர் இரண்டும் எளிதில் தீப்பற்றுபவை என்பதால் விமானக் கூரியரில் போகாது, தரைவழியாகத்தான் வரும். கிட் முதலில் வந்து பசை பின்னால் வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதற்குள் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கடையிலிருந்து