கணித மன்ற ஆண்டறிக்கை: 67,46,32,83,88,800

தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டு முழுவதும் ஒரே எண்ணை எடுத்துப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். எடுத்த எண் 6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. ராமானுஜன் 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியிட்ட கட்டுரையில், உயர்பகு எண்களின் அட்டவணையைத் தந்திருக்கிறார். அதில் உள்ள மிகப் பெரிய எண் இதுதான். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் உடையதே உயர்பகு எண். ஒரு நாளுக்கு 60 நாழிகை, வட்டத்துக்கு 360 பாகை என்று நாம் புழங்கும் 60, 360 இரண்டும் இந்த வகைதான்.

பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23 என்று வரும். ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 10,080 காரணிகள். முதல் கூட்டத்தில் 7இன் அடுக்கை 1 என்று எழுதிவிட்டதால் 6,720 என்று வந்தது. பிழையைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் ஆனது. அந்த மாலைதான் எல்லோருக்கும் கணக்கின் உள்ளே போக வழி திறந்தது.

அடுக்குகள் ஏன் இறங்குவரிசையிலேயே நிற்கின்றன? 3இன் அடுக்கு 2இன் அடுக்கைவிடப் பெரிதாக இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். காரணிகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சிறிதாகிவிடும். அப்படியானால் பழைய எண் உயர்பகு எண் ஆகாது. 4, 36 என்ற இரண்டு எண்களைத் தவிர மற்ற எல்லா உயர்பகு எண்களிலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1தான் என்பதையும் ராமானுஜன் நிறுவியிருக்கிறார். அந்த நிரூபணத்தை நாங்கள் இன்னும் முழுதாக முடிக்கவில்லை.

இவ்வாண்டின் சிறந்த நாள் டிசம்பர் 22, அவர் பிறந்த நாள். அந்த அட்டவணையில் ஓர் உயர்பகு எண் விடுபட்டுள்ளது என்ற செய்தியை அன்று பேசினோம். விடுபட்டது 2,93,31,86,25,600; காரணிகள் 5,040. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுந்து வந்து, கரும்பலகையில் இருந்த நம் எண்ணை 23ஆல் வகுத்தார். விடுபட்ட எண் அப்படியே கிடைத்தது! கையாலேயே கணக்கிட்ட ஒருவரின் அட்டவணையில் ஒரு வரி தவறியதால் அவர் கண்ட விதிகளுக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த விதிகளை வைத்துத்தானே விடுபட்டதையும் தேட முடிகிறது.

இக்கட்டுரைக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் தந்தது. லண்டன் கணிதச் சங்கத்தின் பணநெருக்கடியால் அன்று அச்சேறாமல் நின்ற பகுதி 1997இல்தான் வெளிவந்தது. அதை வரும் ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டுகிறேன்.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். மாடி அறையை இலவசமாகத் தந்துவரும் நூலகத்தாருக்கு மன்றத்தின் நன்றி.

செயலாளர்