உரக்குழிப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்பின் பின்பக்க மதிலை ஒட்டிய எட்டு உரக்குழிகளும் மக்காத குப்பைக்கான ஷெட்டும் முடிந்துவிட்டன. பொதுக்குழு ஒப்புதல் தந்தது 4,80,000 ரூபாய், செலவானது 6,12,400. கூடுதலான 1,32,400 எங்கே போனது என்று பலர் கேட்டீர்கள். கேட்டதில் தப்பே இல்லை.

2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு பற்றி எரிந்த நாட்களில் இந்த எண்ணம் வந்தது. தென் சென்னைக் குப்பையை வருடக்கணக்காக அந்த மேடு இருக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில்தான் கொட்டி வந்தோம். எரிந்ததில் நம் வீட்டுத் தேங்காய் மட்டையும் பால் கவரும் இருந்திருக்கும். அப்போது நடப்பில் இருந்த 2016 திடக்கழிவு விதிகளும், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நம்மைப் போன்ற வளாகங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை உள்ளேயே உரமாக்க வேண்டும் என்றன.

குழிக்குப் பதில் உரமாக்கும் மெஷின் ஏன் வாங்கவில்லை என்ற கேள்விக்கு: மெஷின் குப்பையை அரைத்து மரத்தூளோடு கலந்து தரும். அப்புறமும் அதைச் சில வாரம் ஆறப்போட்டால்தான் உரம். அந்த இடத்துக்குக் குழியே கட்டிவிடலாம், கரண்ட் பில்லும் இல்லை.

இனி கான்ட்ராக்டர் விஷயம். மூன்று கொட்டேஷன் வாங்கினோம். ஆகக் குறைந்ததில் வடிகால் வேலையே சேர்க்கப்படவில்லை. அதனால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். குழுவில் யாருக்கும் அவர் உறவோ பழக்கமோ இல்லை. குழிச் சுவர்களைக் காற்றுப் போக இடைவெளி விட்டு நன்றாகவே கட்டினார். தரையில்தான் கோளாறு. குழியில் ஊறும் சாறு வடிகாலுக்கு ஓடாமல் எதிர்ப்பக்கச் சுவரடியில் தேங்கியது. நவம்பர் மழையில் சாரலும் உள்ளே அடித்து, இரண்டு குழிகள் அழுகிப் புழு வைத்தன. தரைத்தள வீட்டுக்காரர்கள் பத்து நாள் நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் குழு மன்னிப்புக் கேட்கிறது.

தரையைப் பெயர்த்துப் போடச் சொன்னோம். “வரைபடத்தில் வாட்டம் (தரையின் சரிவு) எவ்வளவு என்று எழுதவே இல்லையே” என்றார். உண்மைதான், எழுதவில்லை. அது எங்கள் பிழை. ஆனால் வடிகால் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போட்டிருந்தோம். தண்ணீர் அந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது கொத்தனாருக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? கடைசித் தவணை 60,000-ஐ நிறுத்தி வைத்தோம். வேலையாட்களை அழைத்து வந்து மூன்று நாள் கேட்டில் நின்றார். கூலி கிடைக்காதவர்கள் நின்றதைப் பார்த்து எங்களுக்கும் தூக்கம் வரவில்லை. பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், பழையபடி லாரியில் ஏற்றுவோம் என்று சிலர் சொன்னீர்கள். சம்மதிக்கவில்லை. அன்று விட்டிருந்தால் இன்னொரு முறை யாரும் தொடங்கியிருக்க மாட்டார்கள். நான்கு சந்திப்புகளுக்குப் பிறகு முடிவானது இது: பொருள் நம்முடையது, கூலி அவருடையது. வேலை முடித்ததும் 60,000-ஐயும் வாங்கிக்கொண்டார்.

ஆக, கூடுதல் செலவில் தரைக்கான பொருள் 26,000. சாரல் அடிக்காமல் கூரையை நீட்டியது 68,400. சாறு சேரும் தொட்டியும் குழாயும் 38,000. கூரையை முதலிலேயே நீட்டிப் போட்டிருந்தால் பாதிச் செலவில் முடிந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். இதில் எதற்கும் கார்பஸ் ஃபண்டை (சங்கத்தின் இருப்பு நிதியை) தொடவில்லை. நன்கொடை 1,18,000, காயலான் கடையில் அட்டையும் பாட்டிலும் விற்றது 14,400.

கொடுத்தவர்கள்: பெயர் வேண்டாம் என்று பலர் சொன்னதால் வீட்டைக் குறித்துச் சொல்கிறோம். ஏ பிளாக் இரண்டாம் மாடி ஓய்வுபெற்ற ஆசிரியை 25,000. பி பிளாக் மொட்டைமாடித் தோட்டக்காரர்கள் ஐவர் சேர்ந்து 30,000. மகள் கல்யாணச் செலவில் மிச்சம் பிடித்ததாகச் சொல்லி சி பிளாக் தம்பதியர் 20,000. வெளிநாட்டில் இருக்கும் மூன்று வீட்டு உரிமையாளர்கள் 36,000. நம் குழந்தைகள் உண்டியலில் சேர்த்தது 7,000. தராசு தந்தது ஏ பிளாக் தரைத்தளம், சல்லடை சி பிளாக் மூன்றாம் மாடி, தென்னை நார்க் கழிவு ஆறு மூட்டை பி பிளாக் முதல் மாடி.

பச்சை, நீல வாளிகள் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாயிற்று.

இப்போது ஆறு குழிகள் ஓடுகின்றன, இரண்டு ஆறிக்கொண்டிருக்கின்றன. ஈரக் குப்பை ஒரு அடுக்கு, காய்ந்த சருகு ஒரு அடுக்கு. நன்றாகச் சூடேறினால் 55 டிகிரியைத் தாண்டுகிறது, நாற்றம் இல்லை. பிளாஸ்டிக் கவரோடு மீந்த சாப்பாட்டைப் போட்டால் அந்தக் குழி கெட்டுப்போகிறது. அதைப் பிரித்தெடுப்பது நம் தூய்மைப் பணியாளர் அம்மா இருவரும், இதுவரை வெறும் கையால். இப்போது கையுறை வாங்கித் தந்திருக்கிறோம். நாப்கின், டயப்பர், பிளேடைத் தனியாகச் சுற்றிக் கொடுங்கள்.

பில்களும் கணக்கு நோட்டும் அலுவலக அறையில் இருக்கின்றன. ஞாயிறு காலை 10 மணி முதல் 12 வரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வரும்போது ஒரு பை கொண்டு வாருங்கள், முதல் குழி உரம் சலித்து வைத்திருக்கிறோம்.

பணிக்குழு