பதினொன்றரை மணிக்கு உழவர் சந்தைக்கு ஒருமுறை வாருங்கள்

சேலம் மாநகராட்சி மேயர், ஆணையர், 60 வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அம்மாப்பேட்டையில் மெஸ் நடத்துகிறேன். தினமும் எழுபது பேர் சாப்பிடுகிறார்கள். பாதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள். பதினாறு வருடமாக விடிகாலையில் காய் வாங்கக் கிளம்புகிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன்: நம் ஊருக்குப் பேட்டைதோறும் ஒரு சின்ன உணவு மையம் வேண்டும்.

சீரியல் லைட் போட்ட சாப்பாட்டு வீதியைக் கேட்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் விளைந்தது வந்து இறங்க ஒரு கூடம், தரம் பிரிக்க ஒரு மேடை, வாடாமல் வைக்க ஓர் அறை. அங்கிருந்து மெஸ்ஸுக்கும் விடுதிக்கும் பள்ளிச் சமையலறைக்கும் தள்ளுவண்டிக்கும் காய் போக வேண்டும். அவ்வளவுதான்.

இதில் பாதி வேலை 1999-இல் உழவர் சந்தை வந்தபோதே நடந்துவிட்டது. விவசாயிக்கு அடையாள அட்டை, வாடகையில்லாத கடை, இலவசமாகத் தராசு. மொத்த விலைக்கு மேலே, சில்லறை விலைக்குக் கீழே என்று காலையிலேயே விலை எழுதிவிடுகிறார்கள். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, தாதகாப்பட்டி, அம்மாப்பேட்டை என்று நான்கு பக்கமும் சந்தை இருக்கிற ஊர் நம்முடையது. ஆனால் மதியத்தோடு காய் வியாபாரம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான்.

போன ஐப்பசியில் ஒருநாள் அஸ்தம்பட்டி சந்தைக்குப் போயிருந்தேன். காலையிலிருந்து மழை, கூட்டமே இல்லை. ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பாட்டியிடம் சவ்சவ் அரை மூட்டைக்கு மேல் மீதி இருந்தது. மணி பதினொன்றரை. கூறு கட்டி இருபது ரூபாய் என்றவர், கொஞ்ச நேரத்தில் அதே கூறைப் பத்து ரூபாய்க்குக் கொடுக்க ஆரம்பித்தார். அடிபட்ட காய்களைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். காயின் பால் விரல் நுனியில் பிசினாக ஒட்டிக் காய்ந்திருந்தது. "திருப்பிக் கொண்டு போனா ஆட்டுக்குத்தான் கண்ணு, பஸ்ஸுல ஏத்தி எறக்கவும் முடியாது" என்றார். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டியவர். என்னால் முடிந்தது ஐந்து கிலோ. அன்று சாயங்காலம் குருமாவுக்குக் காய் பற்றாமல், எங்கள் தெருக் கடையில் அதே சவ்சவ்வைக் கிலோ நாற்பது கொடுத்து வாங்கினேன். இரண்டுக்கும் இடையில் ஆறு மணி நேரமும் சில கிலோமீட்டர் தூரமும்தான். வயிறு எரிந்தது.

தறிக்காரர் வீட்டிலும் இதே கதைதான். வாரக்கூலி கைக்கு வருவது சனிக்கிழமை சாயங்காலம். அந்த நேரத்தில் சந்தையில் ஈ காக்கை இருக்காது. மலிவான நல்ல காய், காலையில் ஓய்வாக இருப்பவருக்கு மட்டும் கிடைக்கிறது.

அதனால் மையத்துக்குக் கட்டடம் வரைவதற்கு முன்னால் நேரத்தைத் தீர்மானியுங்கள். மதியம் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை திறந்திருக்கட்டும். சந்தையில் மிஞ்சியதை எடை போட்டு எடுத்துக்கொண்டு, அன்றைய எழுதிய விலையை ஒட்டிப் பணம் கொடுக்கட்டும். என்னைப் போன்ற மெஸ்காரர்கள் நாளைக்கு என்ன வேண்டும் என்பதை முந்தின இரவே சொல்லிவிடத் தயார். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் காய்கறி சாம்பார் உண்டு. அந்தச் சமையற்கூடங்களும் இங்கிருந்து வாங்கினால், மலையிலும் வாழப்பாடியிலும் இருப்பவர்கள் நம்பிப் பயிர் வைப்பார்கள்.

குளிர்பதன அறை என்றாலே கோடிக்கணக்கு சொல்வார்கள். டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த மின்சாரமில்லாத குளிர்தொட்டி இருக்கிறதே! இரண்டு வரிசைச் செங்கல் சுவர், நடுவில் மூன்று அங்குல இடைவெளி, அதில் ஆற்று மணல். காலையும் மாலையும் தண்ணீர் விட்டு, மேலே ஈரச் சாக்கு போட்டால் போதும். சேலத்துப் பங்குனி, சித்திரையின் வறண்ட வெயிலில்தான் இது நன்றாக வேலை செய்யும். கீரையும் தக்காளியும் மறுநாள் வரை தாங்கும். மாம்பழக் காலத்தில் அடிபட்டதை மகளிர் குழுக்கள் ஜாமாகவும் ஊறுகாயாகவும் போட, பக்கத்திலேயே ஒரு பொது அடுப்படி இருந்தால் இன்னும் நல்லது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இந்த மையங்களில் சுங்கம் வசூலிக்கும் உரிமையைத் தனியாருக்கு ஏலம் விட்டுவிடாதீர்கள். தரகு வேண்டாம் என்று உருவான சந்தைக்குப் பக்கத்திலேயே வேறு பெயரில் தரகு நுழைந்தால் பாட்டிக்குப் பழைய பத்து ரூபாய்தான் மிஞ்சும். தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் வருடச் சட்டம், தெருக்கடைகளை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. மையத்தை நடத்தும் குழுவையும் அப்படியே அமையுங்கள். காய் விளைவிப்பவர், தள்ளுவண்டிக்காரர், சமைப்பவர் மூவரும் அதில் உட்காரட்டும். வெளியூர் ஆலோசகர் வரைந்த படத்தைக் கடைசியில் எங்களிடம் காட்டுவதால் பயனில்லை.

முதலில் அம்மாப்பேட்டையிலும் அஸ்தம்பட்டியிலும் ஒவ்வொன்று தொடங்குங்கள். ஒரு வருடம் நடக்கட்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு அழுகியது என்று வாசலில் கரும்பலகையில் தினமும் எழுதிப் போடுங்கள். மற்ற பேட்டைகளைப் பிறகு பார்க்கலாம்.

அதற்கு முன், மழை பெய்கிற ஒரு நாள் பதினொன்றரை மணிக்கு அஸ்தம்பட்டி சந்தைக்கு வாருங்கள். நானும் வருகிறேன். எந்த மூட்டையில் எவ்வளவு மீதி என்று கூடவே நடந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
அம்மாப்பேட்டை மெஸ்காரம்மா