வெளியில் வாங்கச் சொல்லும் அந்தத் துண்டு

வடக்கு மாகாணத்தில் சுகாதாரத்துக்குப் பொறுப்பாக இருக்கிறவர்களுக்கும், கொழும்பிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து அனுப்புகிறவர்களுக்கும்,

வணக்கம்.

அரச ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாதபோது வெளியில் வாங்கச் சொல்லித் தருகிற துண்டைப் பற்றி, வன்னியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் ஒன்பது வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவர். முகமாலைப் பக்கமும் நின்றிருக்கிறார். வெயிலில் முழங்காலில் இருந்து, முகத்துக்கு முன்னால் அந்தத் தடித்த மறைப்பைப் போட்டுக்கொண்டு, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறுகிற வேலை. அந்த ஒன்பது வருடத்தில் அவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. போன வருடம் ஒரு விடியப்புறம், கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தோம், அம்புலன்ஸ் வந்தது. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், இதயக் குழாய்களைப் பார்க்கிற அஞ்சியோ செய்து, அடைத்திருந்த குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாயை வைத்தார்கள். ஒரு சதம் கேட்கவில்லை. அங்கே நின்ற வைத்தியர்களையும் தாதிமாரையும் நான் கும்பிடாத நாள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குறை சொல்ல வந்தது அவர்களை அல்ல.

வீட்டுக்கு வரும்போது ஐந்து வகைக் குளிசை கையில் இருந்தது. இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரினும் குளோபிடோகிரலும், கொழுப்புக்கு அற்றோவஸ்ரற்றின், இதயத்தின் துடிப்பைக் குறைக்க ஒன்று, பிறஷருக்கு ஒன்று. நெஞ்சு நொந்தால் நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை தனியாக ஒரு சின்னக் கறுத்தப் போத்தலில். முதல் இரண்டையும் ஒரு வருடத்துக்கு ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் வைத்த ஸ்டென்டுக்குள்ளேயே இரத்தம் கட்டியாகிவிடும் என்று வைத்தியர் என்னைப் பார்த்துச் சொன்னார். இவரைப் பார்த்துச் சொல்லவில்லை. யார் கவனிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் மாதக் கிளினிக். சில மாதம் எல்லா மருந்தும் கிடைக்கும். சில மாதம் இரண்டு இருக்காது. அப்போது மருந்து கொடுக்கிற யன்னலில் ஒரு துண்டு தருவார்கள், வெளியில் வாங்கச் சொல்லி. அந்த நாளில் அது எங்களுக்குப் பெரிய விஷயமாகவே இருக்கவில்லை. இவர் வேலை செய்த நிறுவனத்தின் காப்புறுதி இருந்தது. பாமசியில் வாங்கி, பில்லைக் கொடுத்தால் அடுத்த மாதம் காசு வரும். உண்மையைச் சொன்னால், ஒரு குளிசை என்ன விலை என்றுகூட நான் பார்த்ததில்லை.

ஐந்தாவது மாதம் இவர் வேலை செய்த மிதிவெடித் திட்டம் முடிந்தது. நிதி இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். வேலை நின்ற அதே நாளில் காப்புறுதியும் நின்றது. வேலை போன கவலையில் அதை நாங்கள் யோசிக்கவேயில்லை. அடுத்த துண்டோடு பாமசியில் போய் நின்றபோதுதான் விளங்கியது. ஒரு மாத மருந்துக்கு எட்டாயிரம் ரூபாய்க்குக் கிட்டக் கணக்குச் சொன்னார்கள். நான் பத்து நாளைக்குத் தாருங்கள் என்றேன். பாமசியில் நின்ற பிள்ளை ஒன்றும் பேசாமல் குளிசை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டித் தந்தது. பின்னால் நின்ற அம்மாவும் தன் துண்டை நீட்டி ஐந்து நாளைக்குத்தான் கேட்டா.

புதிதாக ஒரு காப்புறுதி எடுக்கலாமா என்று விசாரித்தோம். ஏற்கெனவே இருக்கிற நெஞ்சு வருத்தத்துக்கு அது பொருந்தாது என்றார்கள்.

அப்புறம் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. ஒரு நாள் குளிசைப் பையை எடுத்தேன். அதற்குள் பழைய பேப்பரில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் குளோபிடோகிரல் குளிசைகள், எல்லாம் சவர பிளேடால் சரிபாதியாக வெட்டியபடி. பேப்பரின் மடிப்பில் அதன் தூள். "பாதி பாதியாகப் போட்டால் இன்னும் கொஞ்ச நாளைக்கு வரும்" என்றார். மூன்று கிழமையாக அப்படித்தான் போட்டிருக்கிறார். நான் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அடுத்த நாள் கிளினிக் நாளாக இல்லாவிட்டாலும் போனோம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். அங்கே இருந்த வைத்தியர் ஏசவில்லை. பழைய துண்டை வாங்கிப் பார்த்தார். அதில் கம்பனிப் பெயர்கள் எழுதியிருந்தன. அவற்றை வெட்டிவிட்டு மருந்தின் சொந்தப் பெயரை, அதாவது பொதுப்பெயரை எழுதி, இந்தப் பெயரில் எந்தக் கம்பனியுடையது மலிவோ அதைக் கேளுங்கள் என்றார். அதே மருந்து, அதே அளவு. எட்டாயிரம் மூவாயிரத்துச் சொச்சமாக வந்தது. அந்த ஒரு வரியை யாராவது எங்களுக்கு முதல் மாதமே சொல்லியிருந்தால் அந்தப் பொட்டலம் இருந்திருக்காது.

இந்த நாட்டுக்கு இது புது யோசனையும் அல்ல. மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே மருந்தைப் பொதுப்பெயரில் எழுத வேண்டும், பொதுப்பெயரில் வாங்க வேண்டும் என்று பாடுபட்டார். 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் வந்தது அதற்காகத்தான். 2016 இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலையும் வைத்தீர்கள். அப்படியிருக்க, வெளியில் வாங்கச் சொல்லி அரச ஆஸ்பத்திரியில் எழுதுகிற துண்டில் கம்பனிப் பெயர் ஏன் இருக்க வேண்டும்? எல்லாத் துண்டும் பொதுப்பெயரில் வரட்டும். கேட்கத் தெரியாதவர்களுக்கு, இதற்கு மலிவானதும் உண்டு என்று யன்னலில் நிற்கிறவர் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

ஆனால் முதலில் அந்தத் துண்டே தேவைப்படக்கூடாது. காப்புறுதி இருந்தபோது எனக்கு இது தெரியவில்லை, இப்போது தெரிகிறது: இலவச மருந்தில் இருந்த ஓட்டையைத்தான் அந்தக் காப்புறுதி இத்தனை நாளும் மூடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் மற்றவர்களுக்கு அதுவும் இருந்ததில்லை. பாமசியில் ஐந்து நாள் மருந்து கேட்ட அந்த அம்மா எத்தனை வருடமாக அப்படி வாங்குகிறாவோ.

மருந்து கொழும்பிலிருந்து மாவட்டக் களஞ்சியத்துக்கு வந்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று சொல்கிறார்கள். இடையில் ஒரு இடத்தில் தாமதமானாலும் கடைசி அலுமாரிதான் வெறுமையாகும். அது எப்போதும் எங்கள் அலுமாரிதான். 2022 இல் நாட்டில் டொலர் இல்லை என்றார்கள், நாங்கள் பொறுத்துக்கொண்டோம். 2009 இல், போரின் கடைசி மாதங்களில், புதுமாத்தளனில் மருந்து இல்லாமல் வைத்தியர்கள் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவர்கள் இந்த ஊரில் இருக்கிறோம். மருந்து இல்லை என்ற சொல்லை இங்கே யாரும் லேசாகக் கேட்பதில்லை. குளோபிடோகிரலும் அற்றோவஸ்ரற்றினும் நேற்று வந்த மருந்துகள் அல்ல, பல கம்பனிகள் செய்கின்றன. ஸ்டென்ட் வைத்தவர்களின் பெயர்கள் கிளினிக் பதிவில் இருக்கின்றன. எத்தனை பேருக்கு மாதம் எத்தனை குளிசை என்பது கூட்டல் கணக்குத்தான். அந்தச் சில மருந்தை மட்டும் மூன்று மாதத்துக்குத் தனியாக எடுத்து வையுங்கள் என்று கேட்கிறேன்.

பஸ் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் நம்பர் கிடைக்கும். மருந்து நாளைக்கு வரும் என்றால் இன்னொரு பஸ் காசு, இன்னொரு நாள் கூலி. இவர் இப்போது ஒரு கடையில் நாள் சம்பளத்துக்கு நிற்கிறார், போகாத நாளுக்குக் காசு இல்லை. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினீர்கள். அது முடிந்ததென்றால், தர்மபுரம், அக்கராயன், முழங்காவில், மல்லாவி போன்ற பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளியின் பெயர் எழுதிய பையில் மாத மருந்தை அனுப்புவதும் முடியும். வைத்தியரைப் பார்க்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறோம்.

மிதிவெடி அகற்ற நிதி கொடுக்கும் நாடுகளின் ஆட்கள் இதைப் பார்த்தால், உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். 2028 யூன் முதலாம் திகதிக்குள் மிதிவெடி அகற்றும் வேலையை முடிக்க வேண்டும் என்று மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இருக்கிறது. முடியட்டும், அது எங்கள் பிள்ளைகள் நடக்கிற நிலம். ஆனால் இன்னும் எத்தனையோ பேருக்கு அந்தக் கடைசிக் கடிதம் வரப்போகிறது. அவர்களில் நிறையப் பேர் தனியாகக் குடும்பம் பார்க்கிற பெண்கள். வைத்தியத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டுமாவது, வேலை முடிந்த பிறகும் ஒரு வருடத்துக்குக் காப்புறுதி ஓட வழி செய்யுங்கள். அதற்கான காசைத் திட்டம் தொடங்கும்போதே ஒதுக்கி வைக்கலாம்.

அந்தக் கறுத்தப் போத்தல் இப்போதும் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. திறந்தால் இரண்டு மாதத்துக்குமேல் வைக்க வேண்டாம் என்று பாமசியில் சொன்னார்கள். தகரக் கூரை வீடு, வெக்கை வேறு. போத்தல் திறந்து ஐந்து மாதமாகிறது. வருகிற வியாழன் கிளினிக். புதுப் போத்தல் ஒன்று கேட்பேன்.

இப்படிக்கு,
மிதிவெடி வேலை செய்த ஒருவரின் மனைவி,
வன்னி.