காதுக்குள் போன மின்பொறியியல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கவுன்சலிங்கை ஒட்டி உங்கள் கல்வி இணைப்பில் வந்த 'எந்தப் பிரிவை எடுக்கலாம்' கட்டுரையைப் படித்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் முக்கால் பக்கம் கொடுத்திருந்தீர்கள். இ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்) பிரிவுக்கு நான்கே வரி. மின்வாரிய வேலை, மோட்டார், காற்றாலை, சோலார், அவ்வளவுதான். வெளியில் அலையும் வேலை என்பதால் பெண் பிள்ளைகள் யோசித்துச் சேர வேண்டும் என்ற அறிவுரையும் இருந்தது.

நான் இ.இ.இ. படித்தவள். கரூர் பக்கம் ஒரு 110 கே.வி. துணை மின்நிலையத்தில் உதவிப் பொறியாளராக இருக்கிறேன். நீங்கள் எழுதிய நான்கு வரியும் உண்மைதான். ஆனால் அதில் விட்டுப்போன ஒரு விஷயம் என் வீட்டில் தினமும் நடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. இரண்டு வயது முடிவதற்குள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அவளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது செவிநரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்க வைக்கும் கருவி, வைத்தார்கள். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். அறுவை சிகிச்சை செய்த டாக்டரை என் மாமியார் இன்றைக்கும் சாமி கும்பிடும்போது நினைத்துக்கொள்கிறார். அது நியாயம்தான். ஆனால் இந்தக் கருவியை யார் யோசித்தார்கள் என்று நான் தேடிப் படித்தபோது, மின்பொறியியல் படித்தவர்களின் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. அவர்களில் ஒருவரை உங்கள் வாசகர்கள், முக்கியமாக இந்த ஆண்டு கவுன்சலிங்குக்குப் போகும் பெண் பிள்ளைகள், தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் பெயர் இங்கேபோர்க் ஹோக்மயர். 1953இல் வியன்னாவில் பிறந்தவர். வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்து, 1976இல் அங்கேயே உதவிப் பேராசிரியரானார். மின்பொறியியலில் அந்தப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். அவரும் அவருடைய கணவர் எர்வின் ஹோக்மயரும் சேர்ந்து உருவாக்கிய எட்டு சேனல் (தனித்தனியே மின்தூண்டல் போகும் எட்டு வழிகள்) கொண்ட கருவியை, 1977 டிசம்பர் 16 அன்று குர்ட் புரியன் என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் காதுக்குள் பொருத்தினார். அப்போது இங்கேபோர்க்குக்கு வயது இருபத்து நான்கு. நம் ஊரில் அந்த வயதில் எத்தனையோ பெண்கள் பி.இ. முடித்துவிட்டு, வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று வீட்டில் அனுமதிக்குக் காத்திருக்கிறார்கள்.

1979இல் அவர் கொடுத்த முனைவர் பட்ட ஆய்வு, செவிநரம்பைப் பல சேனல்கள் வழியாகத் தூண்டும் கருவியைச் செய்வது பற்றியது. கூடவே, அதை வைத்திருப்பவருக்கு உண்மையில் என்ன கேட்கிறது என்று அளந்து பார்ப்பதும் அந்த ஆய்வில் உண்டு. எனக்கு இந்த இரண்டாவது பகுதிதான் பெரிதாகப் படுகிறது. நாங்கள் எங்கள் வேலையில் மீட்டரைப் பார்த்தால் போதும், ஆம்பியர் தெரிந்துவிடும். ஒரு மனிதருக்குக் கேட்கும் ஒலியை எந்த மீட்டரில் பார்ப்பது? அவரிடமே கேட்டுக் கேட்டுத்தான் அளக்க வேண்டும். மின்பொறியாளராக இருந்துகொண்டே அதையும் கற்றுக்கொண்டவர் அவர். அதே 1979இல், அவர்களுடைய கருவியைப் பொருத்திய ஒரு பெண் உதட்டசைவைப் பார்க்காமலே சொற்களையும் வாக்கியங்களையும் புரிந்துகொண்டார்.

அந்தக் காலத்தில் இது நடக்காது என்று சொன்ன விஞ்ஞானிகள் நிறையப் பேர். அவர்கள் சொன்னதிலும் காரணம் இருந்தது. உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட காக்ளியாவில், ஒலியை நரம்புக்குக் கொடுக்கும் உள்வரிசை மயிரணுக்கள் மட்டும் ஏறத்தாழ 3,500 இருக்கின்றன. அங்கிருந்து சுமார் 30,000 நரம்பிழைகள் மூளைக்குப் போகின்றன. அந்த இடத்தில் எட்டு மின்முனைகளை வைத்துக்கொண்டு பேச்சைப் புரியவைக்க முடியுமா என்றுதான் கேட்டார்கள்.

முடிந்ததற்கு ஒரு காரணம், காக்ளியாவுக்குள் அதிர்வெண்கள் வரிசையாக இடம் பிடித்திருப்பது. உயர்ந்த ஒலி வாசல் பக்கம், தாழ்ந்த ஒலி உள்ளே கடைசியில். இதைக் கண்ணால் பார்த்து நிறுவி 1961இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர் கேயார்க் பேகேஷி. அவரும் டாக்டர் இல்லை. இயற்பியல் படித்துவிட்டு, ஹங்கேரி தபால் துறையின் தொலைபேசி ஆய்வகத்தில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர்.

அடுத்து வந்த சிக்கலைச் சொன்னால் எந்த இ.இ.இ. மாணவருக்கும் சட்டென்று புரியும். காக்ளியாவுக்குள் இருப்பது உப்புத் திரவம், நல்ல மின்கடத்தி. பக்கத்துப் பக்கத்து மின்முனைகளில் ஒரே நேரத்தில் மின்சாரம் விட்டால் இரண்டும் பரவி ஒன்றோடொன்று கலந்துவிடும். அதற்கு வழி கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்த பிளேக் வில்சன். எந்த இரண்டு மின்முனைக்கும் ஒரே கணத்தில் மின்துடிப்பு போகக்கூடாது, முறை வைத்து மாறி மாறிப் போகவேண்டும் என்றார். ஒலியை ஃபில்டர்கள் போட்டுப் பிரித்து, ஒவ்வொரு பிரிவின் ஏற்ற இறக்கத்தை மட்டும் எடுத்து, நரம்பு தாங்கும் அளவுக்குச் சுருக்கி, துடிப்புகளாக அனுப்புவது அவருடைய முறை. 1991இல் 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது. அதற்கு உரிமை கொண்டாடாமல், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று பொதுவில் விட்டார்கள். இன்றைக்கு வரும் கருவிகளுக்கெல்லாம் அடிப்படை அதுதான். ஃபில்டர், அலைவடிவத்தின் மேல்விளிம்பு, லாகரிதச் சுருக்கம் எல்லாம் கல்லூரியில் டி.எஸ்.பி. (டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்) பேப்பருக்காக நாங்கள் மனப்பாடம் செய்தவை. எதற்கு என்று அன்றைக்கு யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

என் மகளின் காதுக்குப் பின்னால் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டமான காயிலை (கம்பிச்சுருளை) பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. தோலுக்கு வெளியே ஒரு காயில், உள்ளே ஒரு காயில், நடுவே ஒயர் கிடையாது. மின்சக்தியும் தகவலும் தூண்டல் வழியாக உள்ளே போகின்றன. நான் மின்நிலையத்தில் பார்க்கும் டிரான்ஸ்பார்மரின் தத்துவமேதான். உள்ளே போகும் ஒவ்வொரு துடிப்பிலும் நேர் மின்னூட்டம் எவ்வளவோ அவ்வளவு எதிர் மின்னூட்டம் இருக்க வேண்டும். ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம் (டி.சி.) மிச்சம் நின்றால் மின்முனையும் அரிக்கும், திசுவும் கெடும். ஈர மண்ணில் புதைந்த இரும்பு டி.சி. கசிவில் எப்படி அரிக்கும் என்று பார்த்த எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தினமும் காலையில் பள்ளிக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை செய்கிறோம். வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ம்' தாழ்ந்த அதிர்வெண், 'ஸ்' மிக உயர்ந்தது. ஆறும் சரியாக வந்தால் பேச்சுக்கு வேண்டிய எல்லைகள் முழுவதும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். ஒரு நாள் 'ஸ்' மட்டும் வரவில்லை என்றால் நேரே ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) போய் மேப்பிங்கை, அதாவது ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்தூண்டல் என்ற அமைப்பை, பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்னும் தீராத விஷயங்களும் உண்டு. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்போது பக்கத்தில் பேசுவது அவளுக்குப் புரிவதில்லை. ல, ள, ழ மூன்றையும் காதால் மட்டும் கேட்டுப் பிரிக்க இன்னும் தடுமாறுகிறாள். இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தெடுப்பது உலகம் முழுவதும் இன்னும் முழுசாகத் தீராத ஆய்வுச் சிக்கல். தமிழ் ஒலிகளுக்கு ஏற்றபடி அந்த ஃபில்டர்களை எப்படி அமைக்கலாம் என்று நம் கல்லூரிப் பிள்ளைகள் ஏன் பார்க்கக்கூடாது? மைசூரில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் எலக்ட்ரானிக்ஸுக்கென்று தனித்துறையே இருக்கிறது. இங்கேயும் பல ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. கடைசி வருட ப்ராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குவதற்குப் பதில், மாணவர்களை அந்த ஈ.என்.டி. பிரிவுக்கு அனுப்பி ஆடியாலஜிஸ்ட் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார வைத்தால் போதும், நிஜமான கேள்விகள் தானாக வரும். மருத்துவமனைகளும் அவர்களை வாசலில் நிறுத்திவிடாமல் உள்ளே விட வேண்டும்.

2013இல் காக்ளியர் இம்ப்ளான்டுக்காக அமெரிக்காவின் லாஸ்கர் மருத்துவ விருதை மூன்று பேருக்குக் கொடுத்தார்கள். ஒருவர் ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் கிரேம் கிளார்க். மற்ற இருவர் இங்கேபோர்க் ஹோக்மயரும் பிளேக் வில்சனும், அதாவது மின்பொறியாளர்கள்.

கவுன்சலிங் இன்னும் முடியவில்லை. அடுத்த வாரக் கல்வி இணைப்பில் இ.இ.இ. பிரிவுக்கு ஒரு அரைப்பக்கமாவது ஒதுக்கி இவர்களைப் பற்றி எழுதுங்கள். பெண் பிள்ளைகளுக்கான அந்த அறிவுரையைத் திருத்தி, இங்கேபோர்க் ஹோக்மயரின் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மின்பொறியாளர், ஒரு தாய்,
கரூர் மாவட்டம்.