எஞ்சேபித் தீவின் மண்ணைத் துப்புரவு செய்து தாருங்கள்
மதிப்பிற்குரிய அமெரிக்க எரிசக்தித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த எனிவெட்டோக் பவளத்தீவுகளில் 1948 முதல் 1958 வரை உங்கள் நாடு நடத்திய 43 அணுகுண்டுச் சோதனைகளின் கணக்கேடு உங்களிடமே இருப்பதால், பழங்கதையை விவரிக்கப் போவதில்லை.

அங்குள்ள ரூனிட் தீவில் கதிரியக்க மண்ணை மூடிவைத்திருக்கும் கான்கிரீட் குவிமாடம் உடனடியாக இடிந்துவிழும் நிலையில் இல்லை என்று 2020ஆம் ஆண்டு உங்கள் நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அறிக்கை அளித்தீர்கள். குவிமாடத்துக்குள் இருப்பதைவிட அதிகமான கதிரியக்கப் பொருள் காயலின் அடிமண்ணில் ஏற்கெனவே கிடக்கிறது என்பதும் உங்கள் தரப்பு விளக்கம். இதைக் கேட்டு நிம்மதியடைய வேண்டும் என்று எதிர்பார்த்தீர்களா? மூடி வைத்த மண்ணைப் பற்றி இவ்வளவு பேசும் நீங்கள், மூடாமல் விட்ட மண்ணைப் பற்றியும் சற்றுப் பேச வேண்டும்.

சோதனைகளுக்காக 1947இல் எனிவெட்டோக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்கள் 1980இல் திரும்பியபோது, வடக்கேயுள்ள எஞ்சேபித் தீவுக்கு உரியவர்கள் தங்கள் தீவில் குடியேற முடியாமல் தெற்குத் தீவுகளிலேயே தங்க நேர்ந்தது. 1977 முதல் 1980 வரை நடந்த துப்புரவு, புளூட்டோனியம் கலந்த மண்ணை அகற்றுவதையே முதன்மையாகக் கொண்டிருந்ததால், சீசியம்-137 என்ற மற்றொரு கதிரியக்கப் பொருள் மண்ணிலேயே தங்கிவிட்டது. பவளமண்ணில் பொட்டாசியம் குறைவு; அதைத் தேடிச் செல்லும் தென்னையின் வேர், அதே குணமுள்ள சீசியத்தை உறிஞ்சி இளநீரிலும் பருப்பிலும் சேர்த்துவிடுகிறது. தென்னையை நம்பி வாழும் மக்களிடம், மரம் உங்களுடையது, காயை மட்டும் தொடாதீர்கள் என்று சொல்வது எவ்வகை நியாயம்? அணுகுண்டுச் சோதனைகள் நடந்த இன்னொரு மார்ஷல் தீவான பிகினிக்குத் திரும்பியவர்கள் இதே சீசியத்தால் 1978இல் மீண்டும் வெளியேற்றப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

எனவே கேட்கிறேன்: எஞ்சேபியின் மண்ணைத் துப்புரவு செய்து தாருங்கள். பொட்டாசிய உரமிட்டால் தென்னை உறிஞ்சும் சீசியம் பெருமளவு குறையும் என்று கண்டறிந்தவர்கள் உங்கள் துறையின் ஆய்வாளர்களே. சீசியம் பாதியாகக் குறைய 30 ஆண்டுகள் ஆகும். காத்திருப்பதுதான் உங்கள் திட்டம் என்றால், புளூட்டோனியத்துக்கு ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் என்பதால் அலுவலக நாட்காட்டியைச் சற்றுப் பெரிதாக அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

சோதனைகளால் பாதிக்கப்பட்டோரின் கோரிக்கைகளை விசாரிக்க மார்ஷல் தீவுகளில் அமைந்த அணுசக்தி இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எனிவெட்டோக் மக்களுக்கு 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்த 32.5 கோடி டாலரில் பெரும்பகுதி வழங்கப்படவே இல்லை. துப்புரவில் ஈடுபட்ட உங்கள் படைவீரர்கள் கதிரியக்கத்துக்கு ஆளானவர்கள் என்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுக்கொண்டது. நல்ல சட்டம், வரவேற்கிறேன். அந்த மண்ணைச் சில காலம் அள்ளியவர்களுக்கே அபாயம் என்றால், அந்த மண்ணின் உரிமையாளர்களுக்கு என்ன பதில்?

கடுமையான சொற்கள் இருந்தால் பொறுத்தருளுங்கள். எஞ்சேபியின் மண்ணை எந்த ஆண்டுக்குள் துப்புரவு செய்து தருவீர்கள் என்பதை அந்த மக்களுக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்