மேஜரை மாற்றாதே, கண்ணம்மா

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப், உன் கால்பந்து பிராக்டிஸ் நேரத்தோடு இடிக்கிறதாம். பயோகெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு, சுலபமான வேறு மேஜருக்கு, அதாவது வேறு முதன்மைப் பாடத்துக்குப் போய்விடு என்கிறாராம் உன் கோச். எனக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை.

உன் பயம் தெரிகிறது. விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் தரச் சம்மதித்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், 2025 ஜூலையிலிருந்து பெண்கள் சாக்கர் (கால்பந்து) அணிக்கு 28 பேர்தான். அணியை விட்டுப் போனவர்களைப் பார்த்தபின் கோச்சிடம் 'முடியாது' என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

பணமும் உன்னை அழுத்துகிறது. முன்பு ஓர் அணிக்கு 14 முழு ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பு; அதைத்தான் பலருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். இப்போது 28 பேருக்கும் முழுதாகவே தரலாம். ஆனால் தருவதற்குக் காசு வேண்டுமே! இந்த ஏற்பாட்டின் முதல் வருஷம் வீரர்களுக்குப் பங்கிட ஒரு பல்கலைக்கழகத்துக்கு அனுமதித்த உச்சத்தொகை சுமார் 2 கோடி டாலர். பெரிய பல்கலைக்கழகங்களில் அதில் பெரும்பகுதி அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போய்விடுகிறது. உனக்குக் கிடைப்பது இன்னும் பாதிதான். மீதியை நானும் அப்பாவும் கட்டுகிறோம், கட்டுவோம். அதை நீ சுமக்காதே.

ஒரு விஷயத்தை நன்றாக யோசித்துக்கொள். இரண்டாம் வருஷ முடிவில் உன் பட்டப்படிப்பில் 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும், மூன்றாம் வருஷம் 60, நாலாம் வருஷம் 80. இல்லாவிட்டால் ஆட முடியாது. இன்று வேறு மேஜருக்குப் போய்விட்டு, அடுத்த வருஷம் மனசு மாறி பயோகெமிஸ்ட்ரிக்குத் திரும்பினால் அந்த 60 எங்கிருந்து வரும்? அணியா, படிப்பா என்று அப்போதுதான் நிஜமாகவே நெருக்கடி வரும்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்த்தோம். கார்னர் அடிக்கும் முன் பந்தின் வால்வு உன் பக்கம் வரும்படி திருப்பி வைத்தாயே, ஆறாம் வகுப்பில் செய்தது போலவே! அப்பா எழுந்து நின்றுவிட்டார். நீ ஆட வேண்டும் என்பதில் எங்களுக்கு உன்னைவிட ஆசை அதிகம். ஆனால் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் வாரம் 20 மணி நேரம்தான் என்ற விதியில் பஸ்ஸில் போய்வரும் நேரம் சேராது. அத்தனை அலுப்போடும் நடுராத்திரியில் நீ புரதங்களைப் பற்றி உற்சாகமாகப் பேசுகிறாய். அதை விடச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. விளையாட்டு மாணவர்களுக்கென்று இருக்கும் அட்வைசரிடம் கோச் இல்லாமல் தனியாகப் பேசு. சீசன் இலையுதிர்காலத்தோடு முடிகிறது. அந்த லேபை ஸ்பிரிங் செமஸ்டருக்கோ கோடைக்கோ தள்ள முடியுமா என்று கேள். அதுவரை அவசரப்பட்டு எந்தப் பாடத்தையும் டிராப் செய்யாதே. ஒரு செமஸ்டரில் 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் அடுத்த ஆட்டத்திலேயே உட்கார வைத்துவிடுவார்கள். அப்புறம், ஸ்காலர்ஷிப் ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. அது ஒரு வருஷத்துக்கா, பட்டம் முடியும் வரைக்குமா என்று அப்பா பார்க்க வேண்டுமாம்.

வியாழக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் நன்றாகச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா